பழைய டபுள் கேப்புக்கு எந்த பிரேக்? பின் ட்ரம்மைக் கழற்றிப் பார்த்த பிறகு ஒரு ஒப்பீடு

வத்தளையில் இருக்கும் என் மச்சான் போன மாதம் 1991ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் பிக்கப் ஒன்று வாங்கினான். முன்பு வைத்திருந்தவர் அதை இரண்டு அங்குலம் தூக்கி, 31 அங்குல டயர் போட்டு, முன்னால் இரும்பு பம்பரும் பின்னால் கனோப்பியும் பூட்டியிருக்கிறார். பிரேக்கை மட்டும் தொடவில்லை. எதைப் போடலாம் என்று கேட்டு மச்சான் மூன்று தெரிவுகளை எழுதி அனுப்பினான். கம்பனி கொடுத்த பிரேக்கையே முழுதாகப் புதுப்பிப்பது ஒன்று. முன்னால் பெரிய காலிப்பரும் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட்டால் அமுக்கிப் பிடிக்கிற பாகம்) தடித்த டிஸ்க்கும் போடுவது இன்னொன்று. பின் ட்ரம்மை (உள்ளே சூ விரிந்து உரசுகிற உருளை) எறிந்துவிட்டு நாலு சில்லுக்கும் டிஸ்க் போடுவது மூன்றாவது. அவனுக்கு மூன்றாவதில்தான் ஆசை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில் எங்களில் பலர் பழைய வண்டிகளைக் கழிக்காமல் எஞ்சின் மாற்றி, தூக்கி, டயர் பெருப்பித்து ஓடப் பழகிவிட்டோம். மச்சான் கேட்டதைப் போன்ற கேள்வியோடு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் நிறைய. அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதலில் என் வண்டியில் நடந்தது. என்னுடையது 1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ், எல்என்106 என்ற மாதிரி. முன்னாலும் லீஃப் ஸ்பிரிங், நேர் அச்சு. அதிலிருந்த 3எல் என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய 5எல் எஞ்சினைப் போட்டேன். ஸ்பிரிங்கைத் தூக்கி, 31 அங்குல டயரும் போட்டேன். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் ஓடிய காலத்தில் பிரேக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு தடவை ஹட்டனில் பெரியப்பா வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வழியாக இறங்கினேன். பாதி இறக்கத்தில் பேட் கருகும் மணம் வந்தது. அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தை விட ஆழமாகப் போனது, அதற்கடுத்த வளைவில் இன்னும் ஆழமாக. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கொழும்புக்கு வந்ததும் முன் காலிப்பர்தான் போதவில்லை என்று முடிவுகட்டி, பெரியது வாங்கப் புறப்பட்டேன். கிராண்ட்பாஸில் எனக்குப் பழக்கமான நானா ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். "வாங்குறதுக்கு முந்தி பின்னுக்குக் கழட்டிப் பாப்பம் தம்பி" என்றார். முன் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது, பேட் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பின் ட்ரம்மைக் கழற்றினால், இரண்டு வருடத்துக்கு முன்பு சூவில் அடித்த லைனர் (உராய்வுப் பட்டை) கிட்டத்தட்ட அடித்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது. நானா அதைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னார்: "ஒங்கட வண்டி ரெண்டு சில்லுலதான் நிக்கிது."

லைனர் தேயாமல் இருந்தால் சந்தோஷப்படுவோம். அது தேயவில்லை என்றால் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். இந்த வயது ஹைலக்ஸில் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. என் வண்டியில் இரண்டுமே இருந்தன.

முதலாவது பெல் கிராங்க். ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து இழுக்கிற சின்னக் கை அது, ட்ரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் பூட்டியிருக்கும். இந்த ஹைலக்ஸ்களில் பின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆவது ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான். வண்டியை கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்களுடைய வண்டியில் அட்ஜஸ்டர் நகரவே நகராது. சேறும் கடற்காற்றும் பட்டு பெல் கிராங்க் துருப்பிடித்து இறுகினால், ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறவர்களுக்கும் அதே கதி. சூ ட்ரம்முக்குத் தூரத்தில் நிற்கும். பெடலின் முதல் பாதி பின் சூவை ட்ரம்மில் கொண்டுபோய் முட்டுவதிலேயே செலவாகும். ஆழமான பெடலுக்கு மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கையில் ஒயிலைத் தள்ளுகிற பாகம்) குறை சொல்லி மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் திருத்த வேண்டியிருந்தது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவதுதான் தூக்கிய வண்டிகளின் தனி நோய். பின் அச்சுக்கு மேலே, சேஸியில் ஒரு வால்வு இருக்கிறது. கராஜ்களில் எல்எஸ்பிவி என்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. சுமை ஏற்றினால் சேஸி அச்சை நோக்கித் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். சுமை இறக்கினால் சேஸி உயரும், பின் அழுத்தம் குறையும். வெறும் பிக்கப்பில் பின்பக்கம் லேசாக இருப்பதால், அங்கே அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பின் சில்லு முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் சேஸிக்கும் அச்சுக்கும் இடைவெளி நிரந்தரமாகக் கூடிவிடுகிறது. வால்வு அதை எப்போதும் வெறும் வண்டி என்றே எடுத்துக்கொள்கிறது, வெறும் வண்டியை விட வெறுமை என்றே எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், தூக்குவதற்காகப் போடுகிற தடித்த ஸ்பிரிங் சுமைக்கு முன்பு போலத் தாழாது. 500 கிலோ ஏற்றினாலும் கம்பி கொஞ்சம்தான் நகரும். பெரியப்பாவின் அலுமாரியும் கட்டிலும் பின்னால் இருந்ததை என் வால்வு கடைசிவரை உணரவில்லை. நிறுத்துகிற வேலை முழுக்க முன் டிஸ்க்கின் தலையில் விழுந்தது.

அந்த இறக்கத்தில் எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,271 மீற்றர் உயரம். கித்துல்கலைக்கு வந்து சேரும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியிருப்போம். ஆட்கள், சாமான் சேர்த்து வண்டி 2,200 கிலோ என்று வைத்தால், ஆயிரம் மீற்றர் இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி ஏறத்தாழ 21.6 மெகாஜூல். அதே வண்டியை 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்த 0.3 மெகாஜூல் போதும். அதாவது 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஏறத்தாழ எழுபது தடவை நிறுத்துகிற சூடு ஒரே இறக்கத்தில். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்குத்தான். கொழும்புக்குள் மட்டும் ஓடினால் இந்தக் கணக்கு கண்ணில் படவே படாது. கொழும்பு - காலி வீதியில் அடிக்கடி மிதித்தாலும் வேகம் குறைவு, நடுவில் ஆற நேரம் உண்டு.

பெரிய டயரின் கணக்கும் இதோடு சேரவேண்டும். என் வண்டிக்கு முன்பு இருந்த 205ஆர்16 டயரின் உயரம் 74 சென்ரிமீற்றர் சொச்சம். 31 அங்குலம் என்றால் 78.7. காலிப்பர் பிடிக்கிற பிடி மாறவில்லை, சில்லின் ஆரம் நீண்டுவிட்டது. அதனால் வீதியில் கிடைக்கிற நிறுத்துவிசை ஏறக்குறைய 6 வீதம் குறைகிறது. 33 அங்குலம் போட்டால் 11 வீதத்துக்கு மேல். டயரும் ரிம்மும் கனமாகி, அவை சுழல்வதை நிறுத்தும் வேலையும் கூடுகிறது. 31க்கு உள்ளே நிற்கிற வண்டியின் பிரேக் கேள்வியும் 33க்குப் போகிற வண்டியின் பிரேக் கேள்வியும் ஒன்றல்ல. மச்சானிடம் முதலில் கேட்டதும் இதைத்தான்: 31ஓடு நிற்பாயா? நிற்பேன் என்றான்.

இனி மூன்று தெரிவுகளுக்கு வருகிறேன்.

கம்பனி பிரேக்கைப் புதுப்பிப்பது என்றால் பலருக்கு பேட் மாற்றி லைனர் அடிப்பதுதான் நினைவு வரும். நான் சொல்வது முழுப் புதுப்பிப்பு. முன் காலிப்பர் நாலு பிஸ்டன் உள்ளது, பழைய வடிவம் என்றாலும் திறமான சாமான். அதில் ஒரு பிஸ்டன் இறுகினாலும் பேட் ஒருபக்கமாகத் தேயும், வண்டி ஒருபக்கம் இழுக்கும். கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் பிஸ்டன் முகத்தில் புள்ளி புள்ளியாகத் துரு குத்தியிருக்கும். அப்படிப்பட்ட பிஸ்டனுக்குப் புது ரப்பர் போட்டுப் பயனில்லை, பிஸ்டனையும் மாற்ற வேண்டும். பின்னால் ட்ரம்மை லேத்தில் கடையலாம். ஆனால் எவ்வளவு வரை என்பது ட்ரம்மிலேயே வார்த்திருக்கிறது. இந்த வண்டிகளின் 295 மில்லிமீற்றர் ட்ரம்முக்கு எல்லை 297. அதைத் தாண்டினால் ட்ரம் மெல்லிதாகி, சூடு தாங்காமல் விரிந்து, சூவை விட்டு விலகிப் போகும். லைனர் தூளைக் காற்றடித்துப் பறக்க விடாதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே சரி. சூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் புதிது, பெல் கிராங்க் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ், புது ரப்பர் ஹோஸ்.

ஹோஸைப் பற்றி இன்னும் ஒரு சொல். தூக்கிய வண்டியில் அச்சு கீழே தொங்கும்போது சேஸியிலிருந்து அச்சுக்கு வருகிற ஹோஸ் இழுபடும். ஜாக் அடித்து சில்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விறைத்து நின்றால் நீளமானது போடவேண்டும். துருப்பிடித்த இரும்பு பைப்புக்குப் பதிலாக ஏசிக்குப் போடுகிற வெறும் செம்பு பைப்பை வளைத்துக் கொடுக்கிற இடங்கள் உண்டு. வேண்டாம். அதிர்வில் களைத்து வெடிக்கும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் தனியாகக் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, வளைக்கவும் லேசு. முனையை இரட்டை மடிப்பாக மடித்துத் தரத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும்.

பிரேக் ஒயில்தான் இந்தத் தெரிவில் மிகவும் மலிவானதும் கூடிய பலன் தருவதும். டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு 230, தண்ணீர் சேர்ந்தால் 155. டொட் 5.1க்கு 260, பிறகு 180. இந்த ஒயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறவை. எங்கள் ஊர்க் காற்றைச் சொல்லவா வேண்டும்? கினிகத்தேனையில் என் பெடல் ஆழமாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். காலிப்பருக்குள் ஒயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது, ஆவியை அமுக்கினால் அமுங்கும். அந்த ஒயில் நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றாதது. இப்போது டொட் 4 ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். டொட் 5 என்று எழுதியிருக்கும் சிலிக்கோன் ஒயில் வேறு சாதி. இதோடு கலக்கக்கூடாது.

அப்புறம் அந்த வால்வு. அச்சுப் பக்கத்தில் கம்பி பூட்டியிருக்கும் பிராக்கெட்டை, வண்டியைத் தூக்கிய அதே அளவு உயர்த்தினால் வால்வுக்குப் பழைய உயரம் திரும்பக் கிடைக்கிறது. கிராண்ட்பாஸ் நானா ஒரு இரும்புத் துண்டை வெட்டி, துளைத்து, இரண்டு போல்ட்டில் முடித்தார். ஸ்பிரிங் தடித்தது என்றால் இன்னும் சற்று உயர்த்தி, வெறும் வண்டியிலும் சுமையோடும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு பைப்பை நேரே கொடுக்கச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி காதில் விழும். மழை நாளில் வெறும் வண்டியோடு பேலியகொடை பாலத்தில் சடுதியாக மிதிக்க வேண்டி வந்தால் அந்த ஆலோசனைக்கு விலை தெரியும். இன்னொன்று: முன் பிரேக்கின் லைன் வெடித்து அழுத்தம் போய்விட்டால், பின்னுக்கு முழு அழுத்தத்தையும் திறந்துவிடுவதும் இந்த வால்வுதான். அதற்காகவே முன்னாலிருந்து தனியாக ஒரு பைப் வருகிறது. கையால் திருகுகிற வால்வு போட்டால் இந்த இரண்டு வசதியும் போகும். ஒரே சுமையோடு எப்போதும் ஓடுகிற வண்டிக்கு அது பொருந்தலாம். காலையில் வெறுமையாகவும் மாலையில் சுமையோடும் ஓடுகிற எங்கள் வண்டிகளுக்குப் பொருந்தாது. பிரேக் ஒயிலிலிருந்து காற்றெடுக்கும்போது இந்த வால்விலும் ஒரு நிப்பிள் (காற்றை வெளியே விடுகிற திருகு) இருப்பதை மறக்கவேண்டாம். அதில் காற்று நின்றால் நாலு சில்லிலும் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும்.

இவ்வளவையும் செய்ய எனக்குச் செலவானது, நான் வாங்கப் புறப்பட்ட ஒரு சோடி பெரிய காலிப்பரின் விலைக்குள் அடங்கியது. அடுத்த தடவை அதே சுமை அளவோடு அதே இறக்கத்தில் இறங்கினேன். கீழே வந்து நின்று நாலு ரிம்மையும் கிட்டப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். பின்னாலும் சூடு. அந்தச் சூட்டைத் தொட்டபோது வந்த நிம்மதி பெரியது.

இரண்டாவது தெரிவு, முன்னால் பெரிய காலிப்பர். இந்த நேர் அச்சு வண்டிகளுக்கு வழக்கமாகப் போடுவது அதே காலத்து வி6 எஞ்சின் உள்ள டொயோட்டா ஃபோர்ரன்னர் ஜீப்பின் காலிப்பர்.  அதே போல்ட் துளையில் உட்காரும். தூசித் தகட்டை வெட்ட வேண்டியிருக்கும். தடித்த டிஸ்க் அதிகச் சூட்டைத் தாங்கும், பெரிய பிஸ்டன் அதே கால் அழுத்தத்துக்குக் கூடப் பிடிக்கும். எஞ்சினைப் பெருப்பித்து, அடிக்கடி மலைநாட்டுக்குச் சுமையோடு போகிறவருக்கு இது அர்த்தமுள்ள செலவு. 33 அங்குல டயர்க்காரருக்கு இது தேவை என்றே சொல்வேன்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பின் பிரேக் தூங்கும் வண்டியில் முன் காலிப்பரை மட்டும் பெரிதாக்கினால், ஏற்கனவே முன்னால் சாய்ந்திருந்த சமநிலை இன்னும் சாய்கிறது. காய்ந்த வீதியில் வண்டி கூர்மையாக நிற்கிற மாதிரி இருக்கும், சந்தோஷமாக இருக்கும். மழையில் முன் சில்லு சட்டென்று பூட்டும். சில்லு பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாத வண்டி. முன் சில்லு பூட்டினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். குறுக்கே ஒரு த்ரீவீலர் வந்தால் விலக வழியில்லை. என் பின் ட்ரம்மைப் பார்க்காமல் அந்தக் காலிப்பரைப் பூட்டியிருந்தால் நான் இந்த நிலைக்குத்தான் வந்திருப்பேன்.

பெரிய பிஸ்டனை நகர்த்தக் கூடுதல் ஒயில் வேண்டும், அதனால் பெடல் கொஞ்சம் ஆழமாகும். அதைச் சரிசெய்ய ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டர் போடச் சொல்வார்கள். 7/8 அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனால் பிஸ்டனின் பரப்பு 31 வீதம் கூடுகிறது. பெடல் உயரமாக, கெட்டியாக நிற்கும். அதே கால் அழுத்தத்துக்கு வருகிற ஒயில் அழுத்தமோ 23 வீதம் குறைகிறது. கெட்டியான பெடலைத் திறமான பிரேக் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். காலிப்பரில் கூட்டியதை மாஸ்டரில் திருப்பிக் கொடுத்துவிடக்கூடும். முதலில் பழைய மாஸ்டரோடு ஓட்டிப் பாருங்கள். பெடல் உண்மையிலேயே தரையை நோக்கிப் போனால் மட்டும் பெரியதற்குப் போங்கள், அப்போது பூஸ்டரையும் (வெற்றிடத்தால் கால் அழுத்தத்தைக் கூட்டித் தருகிற பாகம்) பெரிதாக்க வேண்டி வரலாம்.

பூஸ்டர் என்றதும் டீசல் எஞ்சின் மாற்றியவர்களுக்கு ஒரு சொல். பெற்றோல் எஞ்சின் தன் காற்றுக் குழாயிலிருந்து பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கும். டீசலில் அது கிடைக்காது, அதனால் டொயோட்டாவின் எல் வரிசை எஞ்சின்களில் ஓல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு வேக்கும் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் மாற்றும்போது கைக்கு வந்த ஓல்டர்னேட்டரைப் பூட்டியவர்கள் இந்த பம்ப்பின் நிலையைப் பார்ப்பதில்லை. சோதனை லேசு. எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கெட்டியாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று பழுது. அதைத் திருத்தாமல் எந்தக் காலிப்பர் போட்டும் காசுதான் போகும்.

பஞ்சிகாவத்தையில் காலிப்பர் பார்க்கிறபோது பெட்டியின் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ரீகண்டிஷன் என்றால் பேட்டை எடுத்துவிட்டு பிஸ்டனைத் தடவிப் பாருங்கள், நகத்துக்குக் குழி தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். நிப்பிள் உள்ளே முறிந்திருக்கிறதா, இடமும் வலமும் சோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் 15 அங்குல ரிம் ஒன்றையும் வண்டியில் கொண்டுபோவது நல்லது, சில அலோய் ரிம்களின் உள்பக்கம் பெரிய காலிப்பரில் உரசும். பேட் வாங்கும்போது ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். முதலாவது ஆறியிருக்கையில் உள்ள உராய்வு, இரண்டாவது சூட்டில் உள்ள உராய்வு. ஈஈ என்றால் குறைவு, எஃப்எஃப் நடுத்தரம், ஜிஜி கூட. மலை இறக்கம் உள்ளவர்கள் எஃப்எஃப்க்குக் கீழே போகவேண்டாம்.

மூன்றாவது, நாலு சில்லுக்கும் டிஸ்க். மச்சானின் ஆசை இதில் என்று சொன்னேன். அவனிடம் ஒரு நியாயமும் இருக்கிறது. அவனுக்குக் கொலன்னாவையில் வேலை, 2016 மே வெள்ளத்தில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் ட்ரம்முக்குள் தண்ணீரும் மணலும் நிற்கும், டிஸ்க் இரண்டு மிதியில் காய்ந்துவிடும். திருத்துவதும் சுலபம், தேய்வது வெளியிலிருந்தே தெரியும். சூட்டில் ட்ரம் சூவை விட்டு விலகுவது போல டிஸ்க் விலகாது.

எனக்கு இதில் உள்ள தயக்கம் ஹேண்ட் பிரேக்கில் தொடங்குகிறது. ட்ரம்மோடு ஹேண்ட் பிரேக்கும் போகிறது. ஹேண்ட் பிரேக் உள்ள பின் காலிப்பர் தேடவேண்டும், அதற்குக் கேபிள் இழுக்கிற கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒயில் அழுத்தத்தைப் பூட்டி வைக்கிற வால்வைப் போட்டு அதையே ஹேண்ட் பிரேக் என்று தருகிறவர்கள் உண்டு. மெல்லிய கசிவு இருந்தால் இரவு நிறுத்திய வண்டி காலையில் அதே இடத்தில் இருக்காது. கினிகத்தேனையில் என்னைக் காப்பாற்றியதில் ஹேண்ட் பிரேக்குக்கும் பங்கு உண்டு, கேபிளில் ஓடுகிற ஹேண்ட் பிரேக்கை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது தேவை. வெறும் பிக்கப்பில் சடுதியாக மிதித்தால் எடையில் முக்கால்வாசி முன் சில்லுகளில் போய் விழும். பின்னால் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் வீதியைப் பிடிக்க அங்கே பாரம் இல்லை. சுமை ஏற்றிய நேரத்தில் மட்டும் பின் பிரேக் கூட வேண்டும், சரியாக அட்ஜஸ்ட் ஆன 295 மில்லிமீற்றர் ட்ரம் அதற்குப் போதும். ட்ரம்மில் சில்லு சுற்றுகிற விசையே சூவை உள்ளே இழுத்து இறுக்கும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் பின் காலிப்பர் கூட ஒயிலும் கூட அழுத்தமும் கேட்கும், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வால்வு வரை எல்லாக் கணக்கும் மறுபடி தொடங்கும். பிராக்கெட்டை இங்கேயே வெட்டி அச்சில் வெல்டிங் வைக்கிற வேலையும் பார்த்திருக்கிறேன். வெல்டிங் சூட்டில் அச்சுக் குழாய் கோணலானால் பெயாரிங், சீல் எல்லாம் தொடர்ந்து போகும். அளவாகச் செய்த, போல்ட்டில் பூட்டுகிற கிட் கிடைத்து, கணக்குப் பார்க்கத் தெரிந்த கையும் கிடைத்தால் இது கெட்ட தெரிவல்ல. செலவோ மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அதற்கு மேல்.

எனவே மச்சானுக்கு நான் சொன்னது இது. 31 அங்குலத்தோடு நிற்கிறாய், மாதத்தில் ஒரு தடவைதான் மலைநாடு. முதலாவதை ஒன்றையும் விடாமல் செய். பின் பிரேக்கும் வால்வும் சரியான பிறகு ஆயிரம் கிலோமீற்றர் ஓடு, ஒரு தடவை ஹட்டன் போய் இறங்கு. அப்போதும் முன் டிஸ்க் நீலம் பாய்ந்தால் ஃபோர்ரன்னர் காலிப்பருக்குப் போகலாம், அதற்குள் பின்பக்கம் தயாராக இருக்கும். வெள்ளத்துக்காக நாலு டிஸ்க் வேண்டாம். தண்ணீரில் இறங்கிய நாளில் மெதுவாக ஓடிக்கொண்டு பெடலைக் கொஞ்சம் மிதித்து ட்ரம்மைக் காயவைத்தால் போதும், சேற்றுத் தண்ணீர் என்றால் அந்தக் கிழமையே கழற்றிக் கழுவு. முன்பிருந்தவர் எஞ்சினையும் மாற்றியிருந்தால் புதிய எஞ்சின் இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். என்னென்ன மாற்றங்கள் என்று காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் சொல்லிவிடு.

செய்து முடித்த பிறகு சோதிப்பது எப்படி என்றும் கேட்டான். ஆளில்லாத, அகலமான, ஈரமான ஒரு இடத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், வெளியில் ஒருவர் நின்று சில்லைப் பார்க்கவேண்டும். முன் சில்லு சற்று முந்திப் பூட்ட வேண்டும், பின் சில்லு அதற்கு மிகக் கிட்ட. பின் சில்லு முந்தினால் வால்வின் பிராக்கெட்டைச் சற்று இறக்கவேண்டும். முன் சில்லு பூட்டி வெகுநேரம் கழித்தும் பின்னால் அசைவில்லை என்றால் உயர்த்தவேண்டும். வெறும் வண்டியில் ஒரு தடவை, சீமெந்து மூட்டை ஐந்தாறு ஏற்றி இன்னொரு தடவை.

அவன் நாலு டிஸ்க் கிட்டுக்கு இன்னும் முற்பணம் கட்டவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிராண்ட்பாஸ் நானாவின் கராஜில் அவன் வண்டியின் பின் ட்ரம் இரண்டையும் கழற்றப் போகிறோம். லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அவனே தீர்மானிக்கட்டும்.